எருக்கிலைக் கட்டோடு வந்த பட்டாம்பூச்சி

என் அருமைப் பாப்பாவுக்கு, மாதுங்கா பூக்கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்து அப்பா எழுதுகிறேன்.

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிக்கப் போகிறாய். உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நாங்கள்தான். தமிழ் உனக்குப் பேச்சோடு நின்றுபோனது. பரவாயில்லை, மெதுவாகப் படி. புரியாத இடத்தை விட்டுவிட்டு மேலே போ, ஞாயிற்றுக்கிழமை வரும்போது நான் சொல்கிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நாம் பேசுவதெல்லாம் சாப்பிட்டாயா, ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா என்பதோடு முடிந்துவிடுகிறது. கல்யாணத்தன்று மண்டபத்தில் உன்னோடு கொஞ்ச நேரம் நின்று பேச நினைத்தேன். பந்தியில் சாம்பார் பற்றவில்லை என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ காரில் ஏறிக்கொண்டிருந்தாய். அன்று சொல்ல வந்ததுதான் இது. நேற்று ஒரு போன் வந்தது, அதன் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் போனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். சனிக்கிழமை என்றால் நம் கடையில் அனுமாருக்கு எருக்கிலை மாலைதான் அதிகம் போகும். வசாய்ப் பக்கத்திலிருந்து இலைக்கட்டு வெள்ளிக்கிழமையே வந்துவிடும். அதைத் தாராவிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா ஒவ்வொரு இலையாகத் துடைத்து அடுக்குவாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இலையின் அடியில் ஒரு புழு. கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக உடம்பெல்லாம் வளையம் போட்டது, முதுகில் கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன். நீ இலைக்கு மேலே உன் கையை விரித்து வைத்துக்கொண்டாய். "அப்பா, இது நம்ம எலையத்தான திங்குது? நம்மளயா திங்குது? இன்னும் ரெண்டு எல தின்னுட்டுப் போட்டும்" என்றாய். உன் கையின் மேல் அடிக்க எனக்கு மனம் வருமா? செருப்பைக் கீழே போட்டேன்.

நம் வீடு உனக்குத் தெரிந்ததுதான். ஒரே அறை, மேலே ஏணி வைத்து ஏறும் மாளாப் பரண், நான்கு பேர், தையல் மிஷின், தண்ணீர் டிரம். அதற்குள் அந்தப் புழுவுக்கு டி.வி.க்கு மேலே ஒரு மிட்டாய் டப்பாவில் இடம் கொடுத்தாய். மூடியை இறுக்கி மூடிவிட்டாய்; டப்பா உள்ளே வேர்த்து, இலை அழுகி, புழு செத்துப்போனது. நீ அழுது ஆர்ப்பாட்டம் செய்வாய் என்று பார்த்தேன். செய்யவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இலைக்கட்டை அவிழ்க்கும் முன்பே வந்து உட்கார்ந்துகொண்டாய். இந்தத் தடவை மூடிக்குப் பதில் என் பழைய வேட்டித்துணி. இலையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துத்தான் வைப்பாய். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று அம்மா சொன்னதிலிருந்து, தம்பியை டப்பா பக்கம் விடுவதற்கு முன் அவன் கையை நீயே சோப்புப் போட்டுக் கழுவிவிடுவாய். பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் டப்பாவிலிருந்து புழுவின் எச்சத்தைத் தட்டிச் சுத்தம் செய்வாய். "பெத்த பிள்ளைகளுக்கே நான் இம்புட்டு அள்ளலட்டி" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் நீ பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது இலை வாடிவிட்டதா என்று எட்டிப் பார்த்தது யார் என்று நினைக்கிறாய்? அவள்தான்.

முதல் கூடு பச்சை நிறத்தில் தொங்கியது. அதில் பொன் பொட்டுகள் வேறு. கல்யாண மாலைக்கு ஜரிகை சுற்றுகிறவன் நான், அவ்வளவு மெல்லிய பொன்னை நான் பார்த்ததில்லை. அது கறுத்து, உள்ளே இறக்கையின் நிறம் தெரிய ஆரம்பித்த அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. வீட்டில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் டப்பாவைக் கடைக்கே கொண்டுவந்தாய். சாமந்திக் கூடைக்கும் தராசுக்கும் நடுவில் வைத்தாய். கூடு வெடித்து, கசங்கின துணி மாதிரி ஒன்று வெளியே வந்து தொங்கியது. ஏதோ சிவப்பாகச் சொட்டியது. "ரத்தம்!" என்று மாலை வாங்க வந்த ஓர் அம்மா பதறினார். "இல்ல ஆன்ட்டி, அது கூட்டுக்குள்ள மிச்சமிருந்த தண்ணி, எல்லாத்துக்கும் வரும்" என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னாய். கோவிலுக்கு அவசரமாகப் போகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். தேங்காய்க்கடை மராத்திக்காரர் தன் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். இறக்கை விரிய விரிய எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். அது பறந்து மின்சாரக் கம்பியைத் தாண்டிப் போனபோது தேங்காய்க்கடைக்காரர் கைதட்டினார். அவர் என்னைப் பார்த்து, "துஜி முல்கி?" என்று கேட்டார். உன் மகளா என்றுதான் கேட்டார். "ஹோ, மாஜி முல்கி" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை நீ கவனித்திருக்க மாட்டாய், நீ அப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பின்னால் நீ போனில் தேடிப் பிடித்து அதற்குத் தமிழில் வெந்தய வரியன் என்று பெயர் என்றாய். எருக்கு முளைத்துக் கிடக்கிற ஊரில் பிறந்து, எருக்கிலை விற்றுப் பிழைக்கிறவனுக்கு இவ்வளவு நாள் அது தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு கதை வருமே, யாரோ ஒருவன் இரக்கப்பட்டுக் கூட்டைக் கிழித்துவிட்டான், பட்டாம்பூச்சிக்குப் பறக்க வரவில்லை, ஆகவே யாருக்கும் உதவி செய்யாதே என்று. அதை நான் உனக்கு அனுப்பினேன். நீ சிரித்துவிட்டு, "இத எழுதுனவன் ஒரு புழுகூட வளத்திருக்க மாட்டான்பா" என்றாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு தடவை ஒரு கூடு காம்பு விட்டுக் கீழே விழுந்துவிட்டது. விழுந்து கிடந்தபடியே வெளியே வந்தால் இறக்கை விரிய இடம் இருக்காது என்று பதறிப்போய் என்னிடம் கொண்டுவந்தாய். பூக்கட்டுகிற நூலில் ஒரு இழையைப் பிரித்து, கூட்டின் நுனிக்காம்பில் மல்லிகைக்குப் போடுகிற சுருக்கைப் போட்டு, டப்பாவின் மேலே கட்டித் தொங்கவிட்டேன். அவ்வளவு பயந்து நான் எந்த மாலையும் கட்டியதில்லை. அது நல்லபடியாக வந்தது. உதவியே செய்யாதே என்பதும் தப்பு, எல்லாவற்றிலும் கை வை என்பதும் தப்பு. அது தானாகச் செய்துகொள்கிற வேலையை விட்டுவிட வேண்டும், விழுந்து கிடந்தால் எடுத்துக் கட்ட வேண்டும். போன இடத்திலும் இப்படியே இரு. மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து முகம் வாடி வரும் நாளில் உடனே என்ன ஏது என்று குடையாதே, பக்கத்தில் மட்டும் இரு. நிஜமாகவே விழுந்துவிட்டார் என்றால் அது உனக்குத் தெரியும். அப்போது யோசிக்காதே.

இனி சொல்லப்போவது நீ பத்தாவது படித்த மழைக்காலத்தைப் பற்றி. இதை நாம் வீட்டில் திரும்பப் பேசியதே இல்லை.

தம்பிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொன்னார். அம்மா அவனோடேயே இருந்துவிட்டாள். வீடு முழுக்க உன் பொறுப்பு. அந்தச் சமயம் பார்த்து டி.வி. மேலும், அலமாரி மேலும், மாளாவின் ஏணிப்படியிலும் உன் டப்பாக்கள். மழைக்காலத்தில்தான் புழு அதிகம் வரும். மறுநாள் காலையில் நம் சந்து முழுக்கக் கொசு மருந்துப் புகை அடிக்கப் போகிறார்கள், சாப்பாட்டுச் சாமான்களை மூடி வையுங்கள் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். புகை வந்தால் புழு ஒன்றுகூட மிஞ்சாது. புகை அடிக்கக் கூடாது என்று நீ மல்லுக்கு நிற்பாயோ என்று பயந்தேன். எதிர்வீட்டுச் செல்லக்கனி வாசலில் நின்று, நீ காதால் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "தம்பிக்காரன் ஆஸ்பத்திரியில கெடக்கான், இவ புழுவுக்கு எல நறுக்கிக்கிட்டு இருக்கா. நல்லாத்தான் வளத்திருக்கீரு அண்ணாச்சி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, டப்பாவைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "புகை அடிக்கட்டும் அத்த, அடிக்கத்தான் வேணும். எந்தம்பியக் கடிச்ச கொசு உங்க வீட்டுலயும்தான் இருக்கும். அதுக்காவ இதுகளும் சாவணும்னு இல்லல்லா? நான் செம்பூர்ல எங்க அத்த வீட்டுக்குக் கொண்டு போயிருதேன். அங்க பால்கனி இருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் செம்பூர். நீங்களும் வாங்கப்பா, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்றாய். அதற்குள் ரசம் வைத்து, சோற்றைக் குழைத்து டிபன் கேரியரில் எடுத்துவிட்டிருந்தாய். அம்மாவுக்கு மாற்றுப்புடவையும் மடித்து வைத்திருந்தாய். செல்லக்கனி பார்த்தது நீ இலை நறுக்கியதை மட்டும்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் டப்பாக்களைத் திறக்கச் சொன்னான். திறந்ததும் இரண்டு அடி பின்னால் போனான். "யே அந்தர் நஹி ஜாயேகா" என்றான், இது உள்ளே போகாதாம். உள்ளே போக ஒரு பாஸ்தான் இருந்தது. நீ கேரியரோடு உள்ளே போனாய், நான் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு வெளியே தகரக் கொட்டகையின் கீழ் பெஞ்சில் உட்கார்ந்தேன். மழை கொட்டியது. உள்ளே என் பிள்ளை என்ன ஆகிறானோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், மடியில் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு டாக்சி டிரைவர், அவருடைய பெண்சாதி உள்ளே இருந்தாள், எதுவும் வாயில் இறங்க மாட்டேன் என்கிறதாம். அவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு புழு இலையின் ஓரத்தைப் பிடித்து மேலிருந்து கீழாக அரித்துக்கொண்டே வந்தது. முடிந்ததும் திரும்ப மேலே போய் ஆரம்பித்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "கா ரஹா ஹை. அச்சா ஹை" என்றார். சாப்பிடுது, நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று அந்தப் பெஞ்சில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

நீ வெளியே வந்தாய். "ரெண்டு வாய் தின்னான்பா. என் புழுவெல்லாம் எங்கன்னு கேட்டான். அப்பா மடியில இருக்குன்னேன். சிரிச்சான்" என்று சொல்லி, பாஸை என் கையில் கொடுத்து, டப்பாக்களை வாங்கிக்கொண்டு, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாய். மாடிப்படி ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் நீ உட்கார்ந்து அந்த டிரைவருக்கு எதையோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாய். யூனிபார்ம்கூட மாற்றாத பிள்ளை. இதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

செம்பூர் பஸ்ஸில் ஒரே நெரிசல். கண்டக்டர், "காய் ஆஹே ஹே?", இது என்ன, என்று கேட்க, நீ மராத்தியில் "சுரவண்ட்" என்றாய். புழு என்று கேட்டதும் முன் சீட்டில் இருந்த பெண் காலைத் தூக்கிக்கொண்டாள். "தூக்காதீங்க, இது நடந்து வந்து கடிக்கிற ஜாதி இல்ல" என்று இந்தியில் சொன்னாய், பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் இடம் பிடித்து உன்னை உட்கார வைத்தார். அத்தை கதவைத் திறந்ததும், "ஏ ஆத்தி, இதென்னட்டி!" என்று கத்தினாள். பிறகு அவளே பால்கனியில் கயிற்றுக்கொடியை அவிழ்த்து இடம் செய்து கொடுத்தாள்.

தம்பி பிழைத்து வந்தான். மெலிந்துபோய்த்தான் வந்தான், ஆனால் வந்தான். புழுக்களில் சில செத்தன, பல கூடு கட்டின. ஒரு கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் சின்னச் சின்ன ஈக்கள் வந்தன. ஏதோ ஈ அதற்குள் முட்டையிட்டிருக்கிறது என்றாய். அத்தை அவற்றை அடிக்கப் போனாள். "அதுவும் பொழைக்கணும்லா" என்று சொல்லி ஜன்னலைத் திறந்துவிட்டாய். உன் முகத்தில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. செல்லக்கனி மகளுக்கு அதே மாதம் காய்ச்சல் வந்தபோது ரசஞ்சோறு கொண்டுபோய்க் கொடுத்தவளும் நீதான். அதை நீ என்னிடம் சொல்லவில்லை, அவள் சொன்னாள்.

இத்தனை வருடம் வளர்த்தாளே, இதனால் என்ன கிடைத்தது என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. நீ பூச்சி ஆராய்ச்சிக்குப் போகவில்லை. காமர்ஸ் படித்து இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குப் போகிறாய், மற்ற பிள்ளைகளைப் போல லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறாய். நான் அவர்களுக்குப் பதில் சொல்வதில்லை. ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று இன்னொன்றைக் கைவிடாத பிள்ளை என் வீட்டில் வளர்ந்தாள். இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதியும் அதிகம் இல்லை. உன்னால் எல்லாவற்றையும் பார்க்க முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் உன் தலையிலேயே போட்டுக்கொள்ளாதே. அன்றைக்கு என்னை, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு என்று கூப்பிட்டாயே, அப்படிக் கூப்பிடு. மாப்பிள்ளையைக் கூப்பிடு, தம்பியைக் கூப்பிடு. எங்களையும் கூப்பிடு.

முலுண்டிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. டப்பாக்களை மாளாவில் ஏற்றிவிடலாம் என்று அம்மா சொன்னாள், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நீ ஒத்துக்கொள்ளவில்லை. "இங்க ஒளிச்சா, அங்க போயும் ஒளிச்சுத்தான வளக்கணும்?" என்றாய். வந்தவர்கள் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா முதலில் பார்த்தது உன்னை அல்ல, டி.வி. மேல் இருந்ததைத்தான். "அது என்னம்மா?" என்றார்கள். நீ காபித்தட்டைக் கீழே வைத்துவிட்டு முட்டையிலிருந்து ஆரம்பித்தாய். காபி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர்கள், "எங்க வீட்டுக் கறிவேப்பிலைச் செடியை மொட்டையடிக்கிறது இதுதானா? நான் பார்த்தா நசுக்கிப் போட்டுடுவேனே" என்றார்கள். நீ சட்டென்று, "நசுக்காதீங்க ஆன்ட்டி. இது இல்ல, அது கறிவேப்பிலை அழகிங்கிற பட்டாம்பூச்சியோட புழு. எடுத்து ஒரு டப்பால வைங்க, நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாய். பெரியவர்கள் யாரும் இன்னும் சரி என்று சொல்லவில்லை, நீயே வருகிறேன் என்றுவிட்டாய்! அம்மா உன் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது.

இப்போது நேற்று வந்த போன். நீ ஆபீஸில் இருந்த நேரம். உன் மாமியார் பேசினார்கள். குரல் ஒரு மாதிரி இருந்தது, உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் பயந்தேவிட்டேன்.

"அண்ணே, ஒரு விஷயம். அவகிட்ட கேட்டா ஆபீஸ்ல இருக்கிற பிள்ளை பதறுவா, அதான் உங்களுக்குப் போட்டேன். பச்சையா ஒரு புழு வச்சிருக்கா இல்ல? காலையிலேர்ந்து சாப்பிடலை. வயித்தால வேற போயிருக்கு, தண்ணி தண்ணியா. டப்பாக்குள்ள இங்கயும் அங்கயும் அலைஞ்சுது, இப்ப ஒரு குச்சியில ஒட்டிக்கிட்டு அசையவே மாட்டேங்குது. நான் வச்ச இலையில ஏதாவது இருந்திருக்குமோ? என் கையால ஏதாவது ஆயிடுச்சோ?"

"ஒண்ணும் ஆவல சம்மந்தியம்மா. வயித்தக் காலி பண்ணிட்டுத்தான் அது கூடு கட்டும். இடுப்புல மெல்லிசா ஒரு நூல் தெரியுதான்னு பாருங்க."

கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். பிறகு, "ஆமாண்ணே, இருக்கு! ரெண்டு பக்கமும் கட்டிட்டு நடுவுல சாஞ்சுக்கிட்டு இருக்கு" என்றார்கள். சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது.

"அப்ப தொடாம விட்டுருங்க. நீங்க நல்லாத்தான் பாத்திருக்கீங்க" என்றேன்.

போன் செய்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சரி என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டு எழுதிவிட்டேன், நீ தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாதே. வைக்கப் போகும்போது, "அண்ணே, இவ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானா?" என்று கேட்டார்கள். ஆமாம்மா என்றேன். இன்னும் நிறையச் சொல்ல வாயெடுத்தேன். அந்தம்மாவே, "சரி சரி, எனக்குத் தெரியும். இனிமே நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லி வைத்தார்கள். கடையில் யாரோ மாலை கேட்டு நின்றுகொண்டிருந்தார்கள். நான் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்ட,
உன் அப்பா